இரண்டு வார்டுகளுக்கு நடுவே

“நடக்காதுன்னு சொல்றீங்களா, நடக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?”

இந்தக் கேள்வியை அந்த அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லாரிடமும் கேட்டுவிட்டார். முதலாளியிடம் கேட்டார், என்னிடம் கேட்டார், டீ கொண்டுவருகிறவரிடமும் கேட்டார். டீக்காரர் பாவம், “கிளாஸ் ஒடையாது மேடம், கெட்டி கிளாசு” என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். கேள்வி வந்ததும் கையில் தட்டோடு அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் வந்து காதோடு காதாக, “இன்னா சார் இது? ஒடையாதுன்னா ஒடையாதுதான். இதுல கூடாதுன்னு தனியா வேற ஒண்ணு கீதா?” என்றார்.

இருந்தது. அந்த அம்மா வாழ்ந்ததே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். டம்ளர் கெட்டியாக இருப்பதால் இதுவரை உடையவில்லை என்பது ஒரு செய்தி. உடையக் கூடாது என்று யாரோ முடிவுசெய்து, அதற்கு வேண்டியதைச் செய்துவைத்திருக்கிறார்கள் என்பது வேறு செய்தி. முதல் செய்தியை நம்பித்தான் நாமெல்லாம் டீ குடிக்கிறோம், பஸ் ஏறுகிறோம், ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறோம். அந்த அம்மா இரண்டாவது செய்தி வரும்வரை எதையும் நம்ப மாட்டார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவரின் பெயரை, அவரைக் கேட்காமல் அச்சில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்னால் மேடம் என்போம், அந்தப் பக்கம் போனால் ‘அந்த அம்மா’ என்போம். அதுவே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டி, அரிசி ஆலை, மருந்துக்கடை என்று யார் கேட்டாலும் கணினிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். நான் திண்டிவனத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மூலையில் கிடந்த கணினியை நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டவன். கல்லூரிப் பக்கம் போனதில்லை. அந்த அம்மா கணிதம் படித்தவர். வெளியூரில் ஏதோ பெரிய கம்பெனியில், சிக்னல் போடுகிற இயந்திரங்களுக்கு எழுதும் வேலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டால், “ஒரு வரி எழுதாம விட்டுட்டோம்” என்பார். எந்த வரி, அதை விட்டதால் யாருக்கு என்ன ஆனது என்று கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் பார்க்கிற பார்வை அப்படி.

அங்கே கற்ற ஒரு மொழியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நாங்கள் எழுதுவது கணினி செய்ய வேண்டிய வேலை: இதைக் கூட்டு, அதை அச்சடி, அடுத்ததற்குப் போ. அவர் எழுதியதில் வேலையே இருக்காது. எது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும், எது ஒருபோதும் நேரக் கூடாது, அவ்வளவுதான். அதைக் கணினியில் ஏற்றி ஓட்டவும் முடியாது.

“ஓடாதத எதுக்கு மேடம் ஒக்காந்து எழுதிக்கினு இருக்கீங்க?” என்று முதலாளி கேட்டார்.

“ஓடறதக் கட்டின பெறகு தப்புன்னு தெரிஞ்சா இடிக்கணும் சார். இது பென்சில். ரப்பர் போதும்.”

“மருந்துக்கடை பில்லுக்குக்கூடவா?”

“அதுக்கு வேணாம். தப்பாப் போனா திருப்பி வாங்க முடியாத எடத்துக்கு மட்டும் எழுதுவோம்.”

அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். எழுத்தாகவும் இருக்காது, கணக்காகவும் இருக்காது. தலைகீழாக நிற்கும் ஆங்கில ‘ஏ’ ஒன்று வரும். ‘எல்லாருக்கும்’ என்று அதற்குப் பொருள். நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஆங்கில ‘ஈ’ ஒன்று வரும்; ‘ஒருத்தராவது இருக்காங்க’ என்று பொருள். கட்டம் கட்டி, அதற்குள் இந்தக் குறிகளை வரிசையாக இட்டு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருக்கும்.

ஆபீசைப் பெருக்க வரும் அம்மாள் அந்தக் காகிதங்கள் தரையில் கிடந்தால் மிதிக்கவே மாட்டார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார். “எங்கூட்டு வாசக்காலுக்கு இதுமாரி ஒண்ணு எய்திக் குடும்மா. காத்துகருப்பு அண்டாம இருக்கும்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “இது எதையும் வராம தடுக்காதுக்கா. எந்த வழியா வரும்னு மட்டும்தான் காட்டும்,” என்றார்.

பெருக்குகிற அம்மாள் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக மேசையில் வைத்தார். அன்று பூராவும் அந்த மேசைப் பக்கம் துடைப்பம் போகவில்லை.

நானும் அவரும் திண்டிவனத்திலிருந்துதான் தினமும் போய்வந்தோம். மாலையில் விழுப்புரம் பஸ் நிலையத்தில் சென்னை வண்டிகள் நிற்கும். சில வண்டி திண்டிவனம் ஊருக்குள் போகும். சில வண்டி நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் பறந்துவிடும். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நாங்களெல்லாம் “திண்டிவனம் போவுமா?” என்று கேட்போம். “போவும், ஏறு” என்பார் கண்டக்டர். அந்த அம்மா கேட்பது வேறு.

“திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகாம போறதுக்கு எதுனா வழி இருக்காங்க?”

கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுப்பார். “இன்னாம்மா கேக்கற நீ? போவும்னு சொல்றேன்ல?”

“போவும்னு சொன்னீங்க. போகாம இருக்காதுன்னு சொல்லலியே.”

“லேட்டாயிட்டா போவாது. உள்ள எறங்கற ஆளு கம்மியா இருந்தா போவாது. டிரைவருக்கு மூடு சரியில்லன்னா போவாது. போதுமா? ஏறும்மா ஜல்தி, பேஜாரு பண்ணாத!”

அந்த அம்மா மகிழ்ந்துபோய் ஏறுவார். ஊருக்குள் போகாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “பாத்தியா தம்பி? அவருக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு. கேட்டாதான் வெளிய வருது. இந்த எழுத்தால பிரயோஜனம் இவ்ளோதான். கேக்க வெக்கும்,” என்பார்.

அவர் எழுதியது எல்லாம் சரியாக இருந்துவிடும் என்றும் இல்லை. திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவருக்கு ஒரு கட்டம் எழுதினார்: மூட்டை மண்டிக்கு வந்து சேராமல் விற்பனை ஆகக் கூடாது. அதைப் பேச்சில் மாற்றி அவரிடம் சொன்னபோது, மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார். “யம்மா, வந்த மூட்டைய விக்கறதுக்கு நான் எதுக்கு? சின்னப் புள்ள விக்கும். மல்லாட்ட இன்னும் மண்ணுக்குள்ளயே கெடக்கும், நான் இங்க வித்துட்டு வெத்தல போட்டுக்கினு இருப்பேன். அதும்மா யாவாரம்!”

முதலாளியின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மாவோ அந்த வரியை ரப்பரால் துடைத்துக்கொண்டே, “நல்ல வேள சொன்னீங்கண்ணே. தப்புன்னு தெரியறதுக்கே எழுதித்தான் பாக்க வேண்டியிருக்கு,” என்றார். மண்டிக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. ஊறவைத்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் ஓர் ஆளுக்குக் கூடுதலாகக் கொண்டுவருவார். “யாருக்கு மேடம்?” என்று கேட்டேன். “வர்றவங்களுக்கு.” “வர்றேன்னு யாரும் சொல்லலியே?” “வர மாட்டேன்னும் யாரும் சொல்லலியே தம்பி.” முக்கால்வாசி நாள் யாராவது வந்துவிடுவார்கள். வராத நாளில் அந்தப் பங்கை மூடியில் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவார். எங்களுக்கு அது ஒரு மாதிரியாக இருக்கும். யாரும் அந்த இடத்தில் போய் உட்கார மாட்டோம்.

ஒருமுறை அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். “ஆபீஸ் சாவி ரெண்டும் உள்ள, நாமெல்லாம் வெளிய. இப்படி ஆக முடியாதுன்னு எங்கியும் இல்லியே.” எங்கள் கதவு இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. ஒரு சாவி முதலாளியிடம், இன்னொன்று அவரிடம். அந்த வாரமே அப்படி ஆனது. படிக்கட்டில் நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு சாவிகளையும் பார்த்தோம். பிறகு, கரண்ட் போய் வருகிற நேரத்தில் ஒரே கணக்கு இரண்டுமுறை ஏற வழியிருக்கிறது என்றார். அரிசி ஆலையில் ஏறியது.

நியாயமாகப் பார்த்தால், அவர் சொல்லி நடக்காமல் போனவையும் எத்தனையோ. அவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டீக்காரர் டம்ளரை வைத்துவிட்டுக் கும்பிடுவார். “மேடம், என்னப் பத்தி மட்டும் அந்தக் கட்டத்துல எதுவும் எய்திடாதீங்க. புள்ள குட்டிக்காரன்.” விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் அவர் கண் அந்தக் காகிதத்தின் மேலேயே இருக்கும்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு வார்டு, நடுவில் நீண்ட வராந்தா. யார் எந்தப் படுக்கையில், என்ன ஊசி, என்ன சாப்பாடு என்பதெல்லாம் அதுவரை பெரிய சிஸ்டரின் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் ஓய்வு பெறப்போகிற வயது. அதனால் கணினி வேண்டுமென்றார்கள். ஒவ்வொரு வேளையும் வார்டுக்கு ஒரு தாள் அச்சாகும். அந்தத் தாளைப் பார்த்து ஊசி, அந்தத் தாளைப் பார்த்து சாப்பாடு.

ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு ஆளை மாற்றுவதை இரண்டு படியாக வைத்தோம். இந்த வார்டு சிஸ்டர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று தட்டுவார். அந்த வார்டு சிஸ்டர் ‘வந்துவிட்டார்’ என்று தட்டுவார். நாங்களாக யோசித்து வைத்ததல்ல. ஆஸ்பத்திரி வழக்கமே அதுதான். அனுப்புகிறவர் ஆள் வாசலைத் தாண்டியதும் தன் கணக்கை முடித்துவிடுவார். வாங்குகிறவர் விரிப்பு மாற்றி, ஆளைப் படுக்கவைத்த பிறகே தன் கணக்கில் சேர்ப்பார். படுக்கையில் ஆள் படுக்காமல் சேர்த்துக்கொள்ள எந்த சிஸ்டரும் சம்மதிக்க மாட்டார்.

அந்த அம்மா ஒரு கட்டம் எழுதிக்கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தார்.

“இவங்க இந்த வார்டுல இருக்கறவங்க. இவங்க அந்த வார்டுல இருக்கறவங்க. இவங்க ஆஸ்பத்திரிய விட்டுப் போயிட்டவங்க.” பென்சில் முனை கீழே இறங்கி, முதுகைக் காட்டி நிற்கும் அந்த ‘ஈ’யின் மேல் நின்றது. “இது எதுலயும் இல்லாத ஒருத்தர் இருக்காங்க.”

“யாரு?” என்றார் முதலாளி.

“யாருன்னு தெரியல சார். ஆனா இருக்காங்க. நீங்க அவங்களுக்கு எடம் குடுத்திருக்கீங்க.”

பட்டப்பகல். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் ஏனோ திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளி சுதாரித்துக்கொண்டு சிரித்தார். “வராந்தாவத் தாண்டற ரெண்டு நிமிஷத்த சொல்றீங்க. அதுல இன்னா ஆயிடப் போவுது? உங்க வேதத்துலயே கீதே மேடம், மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம நடுவுல ஒரு எடம். அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டு வரட்டும்.”

அந்த அம்மா கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். கோபம் வரும் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னார். “உத்தரிக்கிற ஸ்தலம் எழுதி வெச்ச எடம் சார். எழுதி வெச்சதாலதான் அங்க இருக்கறவங்களுக்காக நாங்க ஜெபம் பண்றோம். எழுதாத எடத்துல நிக்கறவங்களுக்கு யாரு பண்ணுவா?”

பிறகு கேட்டார். “ஒரே ஒரு வரிய ஒத்துக்கோங்க. உள்ள இருக்கற ஒவ்வொருத்தரும் எப்பவும் ஏதாவது ஒரு வார்டுல இருந்தே ஆகணும். அதுக்கேத்தாப்ல புரோகிராம மாத்திடலாம்.”

“கம்ப்யூட்டர் தொறக்கறதுக்கு நாள் குறிச்சாச்சு மேடம். சிஸ்டருங்களும் ஒத்துக்க மாட்டாங்க. இப்ப ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த வரி மேசையிலேயே தங்கிவிட்டது. புரோகிராம் திண்டிவனம் போனது.

மறுநாளிலிருந்து அந்த அம்மா காலையில் பஸ் ஏறுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அச்சான இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பார். தாளில் இருப்பவர்களைப் பார்க்க மாட்டார். இல்லாதவர்களைத் தேடுவார். துணைக்கு வந்தவர்கள், மருந்து வாங்க வந்தவர்கள், சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தவர்கள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நகர்வார். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. “யாரு சார் அந்தப் பொம்பள? அடுத்து யாருன்னு பாத்துக்கினு போவுதா?” என்று, புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்கப் போன என்னிடமே ஒருவர் கேட்டார். அவர் மனைவி முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு காலை, அச்சு மிஷினில் சிக்கிய தாளை எடுத்துக் கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன்.

முதல் வார்டில் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். நல்ல வாட்டசாட்டமான ஆள், வார்டையே சிரிக்கவைத்துக்கொண்டிருப்பார். அன்று காலை, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் ஊசியை முதல் வார்டிலேயே போட்டுவிட்டார்கள். அடுத்து அவரை இரண்டாவது வார்டுக்கு மாற்றச் சொல்லியிருந்தது. முதல் வார்டு சிஸ்டர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று தட்டினார். தள்ளுகட்டிலில் படுக்கவைத்து வராந்தாவில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாவது வார்டிலோ, வீட்டுக்குப் போக வேண்டியவர் வண்டி வரவில்லை என்று அந்தப் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆகவே அந்த சிஸ்டர் ‘வந்துவிட்டார்’ என்று தட்டவில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு தாளும் அச்சாயின. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. துணைக்கு இருந்த மனைவியும் துணிமணி எடுத்துவர ஊருக்குப் போயிருந்தார்.

இன்சுலின் போட்டபின் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வியர்க்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும், விட்டால் உயிர் போகும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் வெளியே வந்தபோது அந்த அம்மா தள்ளுகட்டிலின் முன் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் கிடந்தவரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

“அண்ணே, சாப்ட்டீங்களா?” என்றார் அந்த அம்மா.

அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். “நான் உனக்குத் தெரியறனா?”

“தெரியறீங்கண்ணே.”

“அப்ப நீயும் செத்தவளா?”

அந்த அம்மா திரும்பிக் கத்தினார். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. “இங்க ஒருத்தர் இருக்காரு! இங்க ஒருத்தர் இருக்காரு!” பெரிய சிஸ்டர் ஓடிவந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மத்தியானத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“சோத்து வண்டி போவுது. ‘யக்கா, எனக்கு’ன்றேன். வண்டி தள்ற பொண்ணு நிக்குது. காயிதத்தப் பாக்குது, என்னப் பாக்குது, மறுக்கா காயிதத்தப் பாக்குது, பூடுது. ஊசி போடற அம்மா வருது. அதும் அப்டியே. சரி, நாம பூட்டோம்னு முடிவு பண்ணிட்டேன். செத்தவன் கூப்ட்டா எவனுக்குக் கேக்கும்? கூப்டறத வுட்டுட்டேன். ஒடம்பு ஜில்லுனு ஆவுது, கடலு மேல பனி எறங்கறாப்புல. நல்லாதான் இருந்துச்சு சார். இப்ப நெனச்சாதான் பயமா கீது.”

வண்டி தள்ளிய பெண் அழுதுகொண்டிருந்தது. “பாத்தேன் சார். ஆளு படுத்துக்கினு இருந்தாரு. தாள்ல இல்ல. தாள்ல இல்லாதவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, வெளியாளுங்க வந்து சாப்ட்டுட்டுப் போயிடறாங்கன்னு.” அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்திருந்தார்கள்.

ஊருக்குப் போகும் நாளில் மீனவர் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தார். “எம் புள்ள கடலுக்குப் போறான். போனா திரும்பி வந்தே ஆவணும்னு உன் எழுத்துல ஒண்ணு எய்திக் குடு தாயி.”

“கடல நாம கட்டலியேண்ணே.”

அவர் யோசித்தார். “அதுவும் சரிதான். கட்டினவன்கிட்டதான் கேக்கணும்,” என்று மேலே பார்த்துவிட்டுப் போனார்.

உயிரைக் காப்பாற்றியதற்கு ஆஸ்பத்திரியில் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரிய சிஸ்டர் முதலாளியைக் கூப்பிட்டனுப்பி வேறொன்று சொன்னார். “அந்தம்மா இனிமே இங்க வர வேணாம் சார். இத்தினி வருஷமா நடக்காதது, அவங்க எழுதிக் காட்டினதும் ஏன் நடக்குது? எழுதாம இருந்திருந்தா நடந்திருக்குமா?” அவர் குரலில் கோபமில்லை. பயம்தான் இருந்தது. அந்த நடு இடத்தைக் கட்டியது நாங்கள், இருப்பதைக் காட்டியது மட்டும்தான் அவர் என்று கூடப் போயிருந்த நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு வரி அந்த வாரமே புரோகிராமுக்குள் போனது. இரண்டு படி ஒரே படியானது. ஒரு வார்டு அனுப்பிய கணத்தில் ஆள் இன்னொரு வார்டின் கணக்கில் ஏறிவிடுவார். சிஸ்டர்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். நான் அந்த அம்மாவிடம் ஓடிப்போய், “மேடம், இனிமே நடுவுல யாரும் நிக்கவே முடியாது” என்றேன்.

“தாள்ல நிக்க முடியாது தம்பி. ஆளு அப்பவும் வராந்தாவுலதான் படுத்திருப்பாரு.”

“பேரு தாள்ல இருக்கே மேடம். சாப்பாட்டக் கையில வெச்சுக்கினு ‘எங்க இந்த ஆளு’ன்னு யாராவது தேடுவாங்கள்ல?”

அதை யோசித்தார். “தேடுவாங்க. அந்தளவுக்கு இந்த வரி பிரயோஜனம்தான்,” என்று ஒப்புக்கொண்டார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே, “நான் எழுதறது நாம கட்டினதப் பத்தி மட்டும்தான். அதுக்கு வெளிய எப்பவும் ஒரு வராந்தா இருக்கு,” என்றார்.

ஆபீசிலிருந்து அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அவர் பென்சிலை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். பெருக்குகிற அம்மாள் வேறு இடம் பார்த்துக்கொண்டார். புது வேலை கொடுக்க வந்தவர்கள் எங்கள் முதலாளியிடம், “அந்த அம்மா எங்க வேலையத் தொடாம இருந்தா தேவல” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவரே போய்விட்டார். வானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறார் என்றார்கள், மறுபடி வெளியூருக்கே போய்விட்டார் என்றார்கள். நான் விசாரித்துப் பார்த்த இடங்களில் எல்லாம், அப்படி ஒருவர் அங்கே இல்லை.

வருஷங்கள் போயின. ரெண்டாயிரத்துப் பத்துகளில் என் அத்தையை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மேலே மாடிகள் ஏறியிருந்தன. எங்கள் புரோகிராம் எப்போதோ போய், யாரோ எழுதிய வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய சிஸ்டர் இறந்துபோயிருந்தார். அந்தக் காலத்து ஆள் ஒருவரும் இல்லை. கீழ் வராந்தா மட்டும் அப்படியே இருந்தது. அதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

காலைச் சாப்பாட்டு வண்டி போய்க் கொஞ்ச நேரம் கழித்து, ஓர் இளம் நர்ஸ் வெறுங்கையோடு வராந்தாவில் நடந்து வந்தார். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, ஒரே மாதிரி கேட்டார். “சாப்ட்டீங்களா?” என் முன்னாலும் நின்றார்.

“நான் பேஷண்ட் இல்லம்மா. தொணைக்கு வந்தவன்.”

“தெரியுது சார். சாப்ட்டீங்களா?”

“ஆச்சும்மா.”

தலையசைத்துவிட்டு நகர்ந்தார். வராந்தாவின் கோடியில் ஒரு தள்ளுகட்டில் கிடந்தது. விரிப்பு மடித்து வைத்திருந்தது. யாரும் இல்லை. அதன் முன்னாலும் நின்றார். தலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து, அதே குரலில், “சாப்ட்டீங்களா?” என்றார். ஓர் ஆள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தார்.

எழுந்து பின்னாலேயே போனேன். “ஏம்மா, அங்கதான் யாரும் இல்லியே?”

“தெரியும் சார். இருந்தாலும் கேட்டுட்டுதான் போவணும். சீனியருங்க அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“எதுக்குன்னு சொன்னாங்களா?”

“அது சரியாத் தெரியலீங்க.” அடுத்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முன்ன எப்பவோ ஒரு அம்மா வந்து இங்க இப்படிக் கேட்டாங்களாம். பதில் வந்துச்சாம்.”